தாழ்த்திய காருக்கு ஸ்பேசர்: உரசுகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்

லோயரிங் ஸ்பிரிங் போட்ட ரெண்டாவது வாரம் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "அண்ணா, எத்தனை மில்லி ஸ்பேசர் போடலாம்?" ஸ்பேசர் என்றால் ஹப்புக்கும் (வீலை மாட்டும் சுழலும் குடம்) வீலுக்கும் நடுவே வைத்து வீலை வெளியே தள்ளும் தட்டு. முன்னாலா பின்னாலா, வீல் எவ்வளவு அகலம், டயர் எங்கே படுகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. கூட்டாளி 15 போட்டிருப்பான், இவருக்கும் 15 வேண்டும், அவ்வளவுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் சாக்பீஸ் இருக்கிறதா?

டயரின் தோள் பகுதியில், தரையில் படாத இடமாகப் பார்த்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் வட்டம் முழுக்கச் சாக்பீஸால் பட்டையாகத் தேய்த்துவிடுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, தெரு முனை வேகத்தடை, ஒரு குழி, ஒரு முழுத் திருப்பம் என்று பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே சுண்ணாம்பு அழிந்திருக்கிறதோ அங்கேதான் நோய். வீல் ஆர்ச்சுக்குள் கறுப்பாகப் பளபளக்கும் இடம் இருந்தால் அது பழைய நோய்.

இன்னொன்றும் கைவசம் வேண்டும்: வீலின் ஈடி எண். ஆஃப்செட் என்றும் சொல்வார்கள். வீல் ஹப்பில் உட்காரும் முகம், வீலின் நட்டநடுக் கோட்டிலிருந்து எத்தனை மில்லி வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. பெரும்பாலும் வீலின் பின்புறம் வார்ப்பிலேயே இருக்கும். ஸ்பேசர் போட்டால் அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். ஈடி 45 வீலுக்கு 15 மில்லி ஸ்பேசர் போட்டால் அது ஈடி 30 வீல் மாதிரி நிற்கும். சரி, இனி ஒவ்வொரு தொல்லையாகப் பார்ப்போம்.

"வீல் உள்ளே ஒளிந்துகொண்ட மாதிரி தெரிகிறது"

இது தொல்லை என்பதைவிட மனக்குறை. காரை இறக்கியதும் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருந்த மேல் இடைவெளி போய்விடும். அதுவரை கண்ணில் படாத பக்கவாட்டு இடைவெளி அப்புறம்தான் உறுத்த ஆரம்பிக்கும்.

அளப்பதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டே போதும். காரைச் சமதரையில் நிறுத்தி, ஃபெண்டரின் வெளி விளிம்பில் வீலின் நடுவுக்கு நேர் மேலே நூலை ஒட்டித் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து டயரின் தோள் எவ்வளவு உள்ளே, வீல் விளிம்பு எவ்வளவு உள்ளே என்று இரண்டையும் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வீலையும் அளக்க வேண்டும். இடமும் வலமும் மூன்று நான்கு மில்லி வித்தியாசப்படுவது சாதாரணம். பழைய இடியைத் தட்டி நிமிர்த்திய காரென்றால் இன்னும் அதிகமாகவே இருக்கும். கணக்குக்குக் குறைவான பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நூலுக்கும் டயர் தோளுக்கும் 20 மில்லி இடம் இருக்கிறது என்று வையுங்கள். உடனே 20 போடலாம் என்று தோன்றும். போடக்கூடாது. வீல் மேலே ஏறும்போது டயர் ஃபெண்டர் விளிம்பின் உள்மடிப்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அந்த மடிப்பே பல கார்களில் 10 மில்லிக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கம்பம்) என்றால் வீல் ஏற ஏற தலை கொஞ்சம் உள்ளே சாயும், அதனால் சற்றுத் தப்பிக்கலாம். போலோ, ஐ20, ஸ்விஃப்ட் மாதிரிச் சின்னக் கார்களில் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பக்கத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு). அதில் வீல் ஏறினாலும் சாய்வு பெரிதாக மாறாது, நேராக மேலே வரும். ஆக முன்னால் சரியாக இருந்த அளவு பின்னாலும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

டயர் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பாணி எனக்குப் பிடிக்காது. மழைக்காலத்தில் கதவெல்லாம் சேறு, ஜல்லி தெறித்துப் பெயின்ட் போகும். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது: 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் வீலைத்தான் பார்ப்பார்.

"உள்பக்கச் சுண்ணாம்பு அழிந்திருக்கிறது, ஸ்ட்ரட்டில் படுகிறது"

இதுதான் ஸ்பேசர் உண்மையிலேயே மருந்தாகிற இடம். அகலமான அலாய் மாட்டியவர்களுக்கு அடிக்கடி வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வீல் 6ஜே (6 அங்குல அகலம்), ஈடி 40. புதியது 7ஜே, ஈடி 35. ஈடி குறைந்திருக்கிறதே, வீல் வெளியேதானே போயிருக்கும் என்று தோன்றும். 6 அங்குலம் என்றால் 152.4 மில்லி, பாதி 76.2. அதோடு 40 கூட்டினால் வீலின் உள் விளிம்பு ஹப் முகத்திலிருந்து 116.2 மில்லி உள்ளே இருக்கிறது. 7 அங்குலத்துக்குப் பாதி 88.9, கூட்டல் 35, ஆக 123.9. வீல் உள்பக்கம் 7.7 மில்லி போய்விட்டது. வெளிப்பக்கமும் இதே மாதிரி, இந்த முறை கழித்து: 36.2 இருந்தது 53.9 ஆகிவிட்டது. 17.7 மில்லி வெளியே வந்தாயிற்று. இந்த வீலுக்கு மேலே இன்னொரு 15 ஸ்பேசர் போட்டால் பழைய இடத்திலிருந்து 32 மில்லிக்கு மேல் வெளியே நிற்கும். ஸ்ட்ரட்டில் படாமல் இருக்க வேண்டியதோ ஐந்து மில்லி.

டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 5 மில்லி இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். மெல்லிய மரக்குச்சியையோ ஆலன் கீயையோ நுழைத்துப் பாருங்கள். 5 மில்லி ஆலன் கீ இறுக்கமில்லாமல் போய் வந்தால் சரி. காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டவர்கள் ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டையும் பார்க்க வேண்டும். இறக்க இறக்க அந்தத் தட்டு டயருக்குப் பக்கத்தில் வரும்.

"பின் சீட்டில் ஆள் ஏறினால் வேகத்தடையில் 'கர்ர்' என்கிறது"

வெளித் தோளில் சுண்ணாம்பு அழிந்திருந்தால் டயர் ஃபெண்டர் மடிப்பில் படுகிறது. ஸ்பேசர் போட்ட பிறகு வந்த சத்தம் என்றால், மெல்லிய ஸ்பேசருக்கு மாறுங்கள். கதை முடிந்தது. 15-லிருந்து 10-க்கு வருவதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஸ்பேசரே இல்லாமல் இந்தச் சத்தம் வந்தால், வீல் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் தண்டில் ரப்பராகவோ ஃபோமாகவோ இருக்கும். பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் மாற்றியவர் திரும்பப் போட மறந்திருப்பார். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய வண்டி என்றால் ஸ்பேசர் பேச்சே வேண்டாம், முதலில் ஒழுங்கான ஸ்பிரிங் வாங்குங்கள். வெட்டிய ஸ்பிரிங், வீல் தொங்கும்போது தட்டிலிருந்து நழுவும்.

ஃபெண்டர் மடிப்பை உருட்டித் தட்டையாக்குவது கடைசி வழி. ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்காமல் செய்தால் விரிசல் விடும், அடுத்த மழைக்குள் துரு பிடிக்கும். முன்பு பட்டி பார்த்த ஃபெண்டர் என்றால் தொடவே வேண்டாம், பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

"முழுசாகத் திருப்பினால் மட்டும் உரசல்"

முன் லைனரின் (வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) பின்மூலையில், அதாவது கதவுப் பக்கம் பட்டால் பெரும்பாலும் ஸ்பேசர் அதிகம். வீல் வெளியே போகப் போக, திரும்பும்போது அது சுழலும் வட்டமும் பெரிதாகும். லைனர் கிளிப் கழன்று தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பத்து ரூபாய் கிளிப்புக்காக ஸ்பேசரைக் கழற்றிப்போட்டவரை எனக்குத் தெரியும்.

"80-ல் ஆரம்பித்து 100-ல் நடுங்குகிறது, பேலன்சிங் செய்தும் போகவில்லை"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நானே மாட்டிக்கொண்ட கதை.

சித்தப்பா மகனின் ஸ்விஃப்ட். 4×100 பிசிடி (நான்கு நட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லி), ஹப் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்தின் விட்டம் 54.1 மில்லி. அலாய்க்கு 10 மில்லி ஸ்பேசர் தேவைப்பட்டது. கோவையில் லேத்துக்கா பஞ்சம், தெரிந்த பட்டறையில் அலுமினியத் தட்டைக் கொடுத்துக் கடைந்து வாங்கினோம். பார்க்க வெள்ளித் தட்டு மாதிரி இருந்தது. சேலம் ரோட்டில் 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் துள்ளியது. பேலன்சிங் மூன்று முறை. டயரை இடம் மாற்றினோம். டயர் கடைக்காரர் "ரிம் பெண்டு தம்பி" என்று சொல்லிவிட்டார்.

வீலைக் கழற்றி உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஹப் கழுத்து கிட்டத்தட்ட 10 மில்லி உயரம். எங்கள் 10 மில்லி ஸ்பேசர் அதை முழுதாக விழுங்கிவிட்டது. வீல் உட்காரக் கழுத்தே இல்லை, நான்கு நட் பிடிக்கும் பிடியில் மட்டும் தொங்குகிறது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கொஞ்சம் விலகி உட்காரும். பேலன்சிங் மெஷினில் வீல் தனியாகச் சுற்றும்போது குறையே தெரியாது, காரில் ஏறியதும் நடுக்கம்.

திரும்பப் பட்டறைக்குப் போனோம். "அண்ணே, இதுக்கு வெளியே ஒரு கழுத்து வேணும்" என்றேன். அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதை முதல்லயே சொல்லணும் தம்பி, தட்டையா கேட்டே, தட்டையா குடுத்தேன்" என்றார். நியாயம்தான். பத்து மில்லிக்குள் ஹப் கழுத்துக்குப் பள்ளமும் வேண்டும், வெளியே புதுக் கழுத்தும் வேண்டும் என்றால் உலோகம் மிஞ்சாது. 15 மில்லி தட்டில் புதிதாகக் கடைந்தார். உள் துளை 54.1, வெளிக் கழுத்து அலாயின் துளைக்கு ஏற்றபடி. வெர்னியர் வைத்து நான் பார்க்க அளந்தே கொடுத்தார். தூக்குக்குண்டுக் கணக்கில் 15-க்கு இடம் இருந்ததால் தப்பித்தோம். நடுக்கம் அன்றோடு போயிற்று.

ஆக, 3 அல்லது 5 மில்லித் தட்டை ஸ்பேசர் போட்டால், அதைத் தாண்டி ஹப் கழுத்து வீலுக்குள் மிச்சம் நுழைகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் நுழையும். 12, 15-க்கு மேல் என்றால் சொந்தக் கழுத்து உள்ளதாக வாங்குங்கள். நடுவே 8, 10 என்ற அளவுதான் வில்லங்கம், அதைத் தவிர்க்கப் பாருங்கள். பட்டறைப் பேச்சில் "ரெண்டு நூல் போடு" என்று சொன்னால் ஆறரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த அளவும் இதே வில்லங்கப் பட்டியலில்தான் வரும்.

கடைகளில் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று நீள் துளைகளோடு விற்கும் தட்டுகளுக்கு நடுத் துளை பெரிது, கழுத்தும் கிடையாது. நான் மாட்ட மாட்டேன். ஒன்றின் மேல் ஒன்று இரண்டு ஸ்பேசர், வாஷர் வைத்து இடைவெளி கொடுப்பது, இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

கழுத்து சரியாக இருந்தும் நடுங்கினால் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துருப் பொருக்கு ஒன்று அடியில் இருந்தாலும் தட்டு சாய்ந்து உட்காரும். நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் வீல், சீட்டில் தெரிந்தால் பின் வீல் என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

"'டக் டக்' என்கிறது, நட் தளர்ந்திருக்கிறது"

ஓரமாக நிறுத்துங்கள். வீடுவரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் புரித் தண்டு) நீளம் மாறாமல் நடுவே 5 மில்லி தட்டு நுழைந்தால் நட் பிடிக்கும் புரியில் 5 மில்லி போகும். புரி எவ்வளவு நீளம் கடிக்க வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு, ஸ்டட்டின் குறுக்களவு. 12 மில்லி ஸ்டட்டுக்கு 12 மில்லி. இதைச் சுற்றுக் கணக்கில் பார்ப்பது சுலபம். நட்டைக் கையால் மாட்டி, முதல் புரி பிடித்ததிலிருந்து வீலில் உட்காரும்வரை எண்ணுங்கள். ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா சின்னக் கார்களில் புரி இடைவெளி 1.5 மில்லி, எட்டுச் சுற்று வர வேண்டும். ஸ்விஃப்ட்டில் 1.25 மில்லி, பத்துச் சுற்று. போலோவில் ஸ்டட் கிடையாது, 14 மில்லி போல்ட், 1.5 புரி, ஒன்பதரைச் சுற்று. ஆறு சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டால் நீளமான ஸ்டட் வாங்காமல் வண்டியை எடுக்கக்கூடாது.

நீள ஸ்டட் போட்டவர்களுக்கு எதிர்ப்பக்க ஆபத்து ஒன்று உண்டு. மூடிய தொப்பி நட் என்றால் ஸ்டட்டின் நுனி தொப்பிக்குள் முட்டி நிற்கும். ஸ்பானருக்கு இறுகிய மாதிரிதான் இருக்கும், வீல் ஆடிக்கொண்டிருக்கும். வாய் திறந்த நட் போடுங்கள்.

உட்காரும் வடிவமும் பொருந்த வேண்டும். கம்பெனி வீலுக்குப் போலோவில் உருண்டை முகப் போல்ட், ஹோண்டாவிலும் உருண்டை முக நட். வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு முகம் கேட்கும். மாற்றிப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும்.

20 மில்லிக்கு மேல் வரும், சொந்த ஸ்டட் உள்ள ஸ்பேசரில் இரண்டு அடுக்கு நட். உள் அடுக்கை வீலைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் வீலைக் கழற்றி அதையும் மறுபடி முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், ஹோண்டா சிட்டிக்கு 108, மற்ற கார்களுக்குக் கையேட்டைப் பாருங்கள். புரியில் கிரீஸ், எண்ணெய் தடவக்கூடாது. அதே முறுக்கில் ஸ்டட் கூடுதலாக இழுபட்டு நீண்டுவிடும்.

"ஸ்பேசர் போட்ட பிறகு பின் வீல் சுற்ற மறுக்கிறது"

போல்ட் மாட்டும் கார்களில் மட்டும் வரும் தொல்லை. 15 மில்லி ஸ்பேசருக்குப் பழைய போல்ட்டைவிடச் சரியாக 15 மில்லி நீளம் வேண்டும். கடையில் இருந்தது 25 மில்லி அதிகம் என்று அதைப் போட்டால், மிச்சப் பத்து மில்லி ஹப்பின் பின்னால் நீட்டி, டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தொடும். வீலை மாட்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இறக்கி, ஜாக்கியிலேயே கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். 'கிர்ர்' என்று ஒரே இடத்தில் வந்தால் இதுதான். ஜாக்கி ஸ்டாண்டும், எதிர் வீலுக்குக் கல்லும் கட்டாயம்.

"ஸ்டியரிங் கனமாகிவிட்டது, ரோட்டுப் பள்ளத்தின் பின்னால் ஓடுகிறது"

டயரின் நடுக்கோடும் ஸ்டியரிங் திரும்பும் அச்சும் தரையில் எவ்வளவு தள்ளித் தொட வேண்டும் என்பதைக் கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கும். ஸ்பேசர் அந்த நடுக்கோட்டை வெளியே இழுக்கிறது. ஒரு பக்க வீல் மணலிலும் மறுபக்க வீல் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் முன்பைவிடக் கையில் இழுக்கும். முன்னால் 5 மில்லிவரை எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை, 15-ல் நன்றாகவே தெரிந்தது. முதலில் அலைன்மென்ட் பாருங்கள். காரை இறக்கினாலே டோ (வீலின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், அதைச் சரி செய்யாமல் ஸ்பேசரைத் திட்டக்கூடாது. அலைன்மென்ட் சரியாக இருந்தும் இழுத்தால் முன் ஸ்பேசரைக் குறையுங்கள். பேரிங்குக்கும் அது நல்லது. வேகம் கூடக் கூட 'ஊம்ம்' என்ற சத்தம் கூடினால், திருப்பத்தில் மாறினால், பேரிங்கை மாற்றும் நேரம்.

"பஞ்சர் ஆயிற்று, ஸ்டெப்னி உட்காரவில்லை"

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. சொந்த ஸ்டட் உள்ள ஸ்பேசரில், பழைய ஸ்டட்டின் நுனி தட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லி எட்டிப் பார்க்கலாம். அலாயின் பின்னால் பள்ளம் இருப்பதால் அது மறைந்துவிடும். இரும்பு ஸ்டெப்னியின் முகத்தில் அந்த இடத்தில் பள்ளம் இருக்காது, நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும். போல்ட் கார்களில் வேறு விதம்: வீலோடு சேர்ந்து தட்டை ஸ்பேசரும் கழன்று கையில் வரும், இருட்டில் அதை விட்டுவிட்டு ஸ்டெப்னியை நீளப் போல்ட்டால் முறுக்கினால் மேலே சொன்ன டிரம் கதைதான். ஸ்பேசர் மாட்டிய அன்றே வீட்டு வாசலில் ஸ்டெப்னியை நான்கு ஹப்பிலும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பழைய போல்ட் செட்டைத் துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னிக் குழிக்குள் போட்டு வைத்துவிடுங்கள்.